உறவுப் பட்டியல்

திருநெல்வேலி
10.6.2024

திரு. ஜீவந்தரன் அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்தைப் பார்த்து யார் என்று யோசிக்க வேண்டாம். போன வாரம் வெம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு உங்கள் அம்மாவோடும் மாமாவோடும் பெண் பார்க்க வந்தீர்களே, அந்தப் பெண்தான். சந்தனா.

உங்கள் போன் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை பேசியும் விட்டோம். நான் பேசுகிறேன், நீங்கள் "சரிங்க" என்கிறீர்கள். கல்லூரியைப் பற்றிச் சொன்னேன், சரிங்க. இங்கே மழை என்றேன், சரிங்க. சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கும் அதே பதில் வந்தபோது, போன் நமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிட்டேன். எழுதினாலாவது நாலு வரி வரும் அல்லவா? "சரிங்க" என்ற ஒரு சொல்லுக்காக யாரும் தபால்தலை வாங்க மாட்டார்கள்.

அன்றைக்கு நம் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். நீங்கள் வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "நீங்க லைப்ரரியன்னு சொன்னாங்க. புஸ்தகத்தையெல்லாம் எப்பிடிங்க அடுக்கறது?" சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. கோபமும் வந்தது, பிடித்தும் இருந்தது. அதற்குள் கீழே கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வேன். அதற்கு முன் என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இங்கே திருநெல்வேலியில் கல்லூரி நூலகத்தில் எனக்கு நிரந்தர வேலை. படித்து, காத்திருந்து வாங்கிய வேலை. கல்யாணத்துக்காக இதை விட மாட்டேன். இந்தக் கல்லூரியிலிருந்து ஆரணிப் பக்கம் மாற்றல் கிடைக்காது. இதைச் சொன்னதும் முன்பு வந்த இரண்டு வரன்களும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கார்த்திகை வரை வீட்டில் அவகாசம் கேட்டிருக்கிறேன். உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் என் பதில்.

இப்படிக்கு,
சந்தனா


ஆரணி
17.6.2024

சந்தனா அவர்களுக்கு,

வணக்கம். மேலே நான் எழுதி அடித்திருக்கும் சொல் என்னவென்று உங்களுக்கே தெரியும். பழக்கதோஷத்தில் அப்படித்தான் தொடங்கினேன்.

நான் ஊமை இல்லை. களம்பூரில் மாமாவின் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். இயந்திரம் ஓடும்போது அங்கே யார் பேசினாலும் காதில் விழாது. கையைக் காட்டுவோம், தலையை ஆட்டுவோம், வேலை நடந்துவிடும். அதே பழக்கம் வெளியிலும் வந்துவிட்டது. வெம்பாக்கத்திலிருந்து திரும்பும்போது அம்மா பஸ்ஸிலேயே திட்டினார். "பொண்ணு வூட்ல போயி தலைய ஆட்டிகினே இருந்தியே, பூம்பூம் மாடுன்னு நெனச்சிகினு இருப்பாங்க." அம்மா பெயர் ஜெயவதி. உங்களை அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புத்தகம் அடுக்குவது பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொசப்பாளையத்தில் எங்கள் சமணர் கோயிலான ஜினாலயத்தை ஒட்டி ஒரு மண்டபம் பூட்டியே கிடந்தது. அதைப் படிப்பகமாக்கலாம் என்று டிரஸ்டில் சொன்னார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாருங்கள், பேசிய ஒரு நாளும் மாட்டிக்கொண்டேன். வீட்டில் படிக்காமல் கிடக்கும் புத்தகங்களைக் கொடுங்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டோம். ஊரில் இவ்வளவு புத்தகம் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது? ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கதைப் புத்தகங்களில் கஷ்டமில்லை. எழுதியவர் பெயரைப் பார்த்து வரிசையாக வைத்துவிட்டேன். மற்றவைதான் பேஜார். முதலில் உயரப்படி வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது, தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து, கொடுத்தவர் பெயர்படி ஆளுக்கொரு தட்டு ஒதுக்கினேன். ராமதாஸ் சார் தினமும் மாலையில் வந்து, தன் தட்டில் யாராவது கை வைத்தார்களா என்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். கடைசியில் தலைப்பைப் பார்த்துப் பிரித்தேன். "கல் நீக்கும் வழிகள்" என்று ஒரு புத்தகம். அரிசியில் கல் நீக்குவது தெரிந்த விஷயம்தானே என்று நெல், அரிசி புத்தகங்களோடு வைத்தேன். எனக்கு உதவிக்கு வரும் தமிழ்ச்செல்வி டீச்சர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது சிறுநீரகக் கல் என்றார்.

உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன். யோசித்து எழுதுகிறேன்.

ஜீவந்தரன்


திருநெல்வேலி
24.6.2024

ஜீவந்தரன் அவர்களுக்கு,

சிறுநீரகக் கல்லை அரிசியோடு வைத்த கதையைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "அமைதி காக்கவும்" என்ற பலகைக்குக் கீழேதான் என் மேசை. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மானம் போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இனித் தலைப்பை நம்பாதீர்கள். பொருளடக்கத்தைப் பாருங்கள், முன்னுரையைப் படியுங்கள். இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று மட்டும் கேட்டால் போதாது. அதை எழுதியவர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்றும் கேட்க வேண்டும். அறிவு முழுவதையும் பத்துப் பெரிய வகுப்புகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். தசமப் பகுப்பு என்போம். இருநூறில் சமயம், முந்நூறில் சமூகம், ஐந்நூறில் அறிவியல், அறுநூறில் தொழில்கள், எழுநூறில் கலைகள், தொள்ளாயிரத்தில் வரலாறு. ஒவ்வொன்றையும் மேலும் பத்தாக, பிறகு இன்னும் பத்தாகப் பிரிக்கலாம். போதாவிட்டால் புள்ளி வைத்துத் தொடரலாம்.

உங்கள் நெல்லையே எடுத்துக்கொள்வோம். விளைவிப்பதைச் சொல்லும் புத்தகம் 633. உங்கள் ஆலையைப் போல அரைப்பதைச் சொன்னால் 664. சோறாக்கச் சொல்லித்தந்தால் 641. சந்தையையும் வியாபாரத்தையும் பேசினால் 338. நெல் என்னவோ ஒன்றுதான், பார்க்கிறவர் மாறினால் அலமாரி மாறிவிடும். புரிகிறதா? புரிந்தால் தலையை ஆட்டிப் பயனில்லை, எழுதித்தான் சொல்ல வேண்டும். எண்களின் சுருக்கக் கையேடு ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இதில் எனக்கு வருத்தம் தருகிற இடம் ஒன்று உண்டு. ஒரு புத்தகத்தில் நாலு விஷயம் இருந்தாலும் அது ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும். மற்ற மூன்றும் வெளியே தெரியாமல் போய்விடும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயம் வருகிறது. இங்கே நான் நூலகர். அங்கே வந்தால் உங்கள் அம்மாவுக்கு மருமகள், உங்கள் மாமா ஆலைக்காரரின் வீட்டுப் பெண். மருமகளாக இருப்பதில் எனக்கு வெறுப்பில்லை. அது மட்டுமே நான் என்று ஆகிவிடுவதுதான் பிடிக்கவில்லை.

யோசித்து எழுதுகிறேன் என்றீர்களே, யோசித்தாயிற்றா?

சந்தனா


ஆரணி
8.7.2024

சந்தனா அவர்களுக்கு,

கையேடு வந்தது. நானும் தமிழ்ச்செல்வி டீச்சரும் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்து, முதுகில் எண் எழுதி ஒட்டி முடித்துவிட்டோம். சந்தேகம் வந்தால் நீங்கள் சொன்னபடி, எழுதியவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது எதைப் பார்த்தாலும் எண் தோன்றுகிறது. ஆலையில் மாமா சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது 641 என்று சொல்லிவிட்டேன். இன்னா என்றார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

படிப்பகத்தைத் திறந்துவிட்டோம். மூன்றாம் நாளே சண்டை வந்தது. தென்னரசு என்று ஒரு நெசவாளர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பட்டு பற்றிப் படிக்க வேண்டும் என்று வந்தார். நான் பெருமையாக எழுந்து காட்டினேன். பட்டுப்புழு வளர்ப்பு 638-இல், ஜன்னல் ஓரம். நெய்வது 677, அடுத்த அலமாரி. பார்டர் டிசைன் 746, எதிர்ச் சுவர். புடவை உடுத்தும் வழக்கம் 391, வாசல் பக்கம். பட்டு வியாபாரம் 338, அதற்கும் கீழே குனிய வேண்டும். அவர் என் பின்னாலேயே மண்டபத்தை ஒரு சுற்று வந்துவிட்டு நடுவில் நின்றார். "இன்னா சார் இது, பட்டு ஊர்ல பட்டுக்கு ஒரு எடம் இல்லியா? கோயில் சுத்தற மாதிரி சுத்திகினு வரேன்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான், நீங்கள் சொல்வதும் நியாயம்தான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள், ஜல்தியாகச் சொல்லுங்கள். அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவும் ஒரு நாள் வந்து பார்த்தார். பட்டுக்காகப் புழுவைக் கொல்வதைச் சொல்கிற புத்தகம் ஜினாலயச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம் என்றார். எண் வரிசை மாறக் கூடாது என்றேன். அலமாரியோடு நகர்த்து என்றார். நகர்த்தினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தபால்காரர் வரும் நேரத்தில் நான் ஆலைக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நிற்கிறேன் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். தபால்காரர் இளவரசனும் உறையைப் பார்த்துவிட்டு, "திருநெல்வேலியா சார்? அல்வா குடுத்துடப் போறாங்க" என்கிறார். சிரித்து வைக்கிறேன். ஆனால் அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜீவந்தரன்


திருநெல்வேலி
15.7.2024

ஜீவந்தரன்,

கல்லூரிக்குத் தரச் சோதனைக் குழு வருகிறது. மூச்சுவிட நேரமில்லை, அதனால் சுருக்கமாக.

உங்கள் சிக்கலுக்கு ஒரே வழிதான். உறவுப் பட்டியல் ஒன்று போடுங்கள். எல்லாப் பெயரும் வர வேண்டும், எதுவும் விட்டுப்போகக் கூடாது. தூரத்து உறவாக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். கண்டிப்பாக அகர வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். சுதந்திர தின விடுமுறையை ஒட்டி ஊருக்கு வருகிறேன். அதற்குள் பட்டியல் தயாராக இருந்தால் மற்றதை நேரில் பேசி முடித்துவிடலாம்.

தாமதம் வேண்டாம்.

சந்தனா


ஆரணி
22.7.2024

அன்புள்ள சந்தனா,

இப்படி எழுதலாம் என்ற தைரியம் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வந்தது.

முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பட்டுச் சிக்கலைக் கேட்டால் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே என்று எனக்கு ஒரு நிமிடம் குழப்பம். "சிக்கல்னு உன்னத்தான்டா சொல்லிகினு இருக்கா" என்றார் அம்மா. சரிதான் என்று பட்டது.

பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். ஒருவரையும் விடவில்லை. அகர வரிசை என்று சொல்லிவிட்டீர்கள், அதிலும் தவறவில்லை. அம்மாவுக்குத்தான் சங்கடம். "இன்னாடா இது, சித்தப்பா முன்னால வராரு, பெரியப்பா பின்னால நிக்கிறாரு?" என்று கேட்டார். நான் என்ன செய்ய, சகரத்துக்குப் பிறகுதானே பகரம் வருகிறது. லைப்ரரியன் வீட்டு வழக்கம் அப்படித்தான் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டார். பெரியப்பா சமாதானமாகவில்லை. எதிரே எங்கே இருக்கிறார்கள் என்றும் குறித்திருக்கிறேன். பாதிப் பேர் ஆரணி, மற்றவர்கள் வந்தவாசி, செய்யாறு, சென்னை.

மாமா வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குத் தட்டோடு வருகிறார். வேலை விஷயத்தில் நான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன். நீங்களே இறங்கி வந்து முடிவு சொன்னது உங்கள் பெரிய மனது. அதை நான் மறக்க மாட்டேன்.

அன்புடன்,
ஜீவந்தரன்


திருநெல்வேலி
26.7.2024

ஜீவந்தரன்,

நேற்று அப்பா போன் செய்து, ஆரணியிலிருந்து தட்டு வருகிறதாமே, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இன்று உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் ஞாயிறு வந்துவிடும் என்பதால், யாரும் வர வேண்டாம் என்று அப்பாவையே உங்கள் மாமாவிடம் சொல்லச் சொல்லிவிட்டேன்.

உறவுப் பட்டியல் என்பது புத்தகங்களுக்கு! எங்கள் பாடத்தில் அதற்கு அந்தப் பெயர்தான். நெசவாளர் வந்து பட்டு எங்கே என்று கேட்டால், பட்டு என்ற ஒரு சொல்லுக்கு எதிரே புழு 638, நெசவு 677, டிசைன் 746 என்று எல்லா இடமும் எழுதியிருக்கும். அலமாரி பிரித்து வைத்ததை அந்தப் பட்டியல் சேர்த்துக் காட்டும். "எங்கே இருக்கிறது" என்று எழுதியிருந்தேனே, அதையாவது கவனித்திருக்கக் கூடாதா? உங்கள் பெரியப்பாவை நான் அஃறிணையில் எழுதுவேனா?

சிரிப்பு வராமல் இல்லை. உங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்தேன். ஒருவரையும் விடாமல், செய்யாற்றில் இருக்கும் ஒன்றுவிட்ட அத்தை வரை எழுதியிருக்கிறீர்கள். என்னை இத்தனை பேரோடும் சேர்க்க அவ்வளவு ஆசையா இவருக்கு என்று நினைத்தபோது கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை. உங்கள் கடிதத்துக்காக நானும்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பிடித்திருக்கிறது. இதையும் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடைசி வரி என்னைச் சுட்டது. இறங்கி வந்தேனாம், பெரிய மனதாம். நான் இறங்கவில்லை. ஜூன் மாதம் கேட்ட கேள்வி அதே இடத்தில்தான் நிற்கிறது. நீங்கள் மூன்று கடிதத்தில் அதைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். நான் வேலையை விட்டுவிடுவேன் என்று உள்ளுக்குள் நம்பியிருந்ததால்தான் என் கடிதத்தை அப்படிப் படிக்க முடிந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் கிளப்பியதை நீங்களே போய் அடக்குங்கள். பிறகு என் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். விருப்பமில்லை என்றாலும் எழுதுங்கள். யோசிக்கிறேன் என்று மட்டும் இனி எழுத வேண்டாம்.

சந்தனா


ஆரணி
5.8.2024

சந்தனா,

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. உள்ளுக்குள் நம்பியிருந்தேன்.

பட்டியலில் இருந்த எல்லோர் வீட்டுக்கும் நானே போனேன். வெளியூர்க்காரர்களிடம் போனில் சொன்னேன். "அவங்க சம்மதம் சொல்லல. நான்தான் தப்பா புரிஞ்சிகினேன்." வீட்டுக்கு வீடு இதையே சொல்லச் சொல்ல வெட்கம் போய்விட்டது. அம்மாவுக்குக் கோபம் இரண்டு நாள் தணியவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் நிம்மதி, அந்தப் பட்டியல் செல்லாது என்று.

நீங்கள் சொன்ன உண்மையான பட்டியலையும் டீச்சரோடு சேர்ந்து எழுதி மண்டபத்து வாசலில் மாட்டிவிட்டோம். தென்னரசு வந்தார், பட்டு என்ற சொல்லைப் பார்த்தார், மூன்று அலமாரிக்குப் போய் மூன்று புத்தகங்களை எடுத்து வந்து உட்கார்ந்தார். குறை சொல்லாததே அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது பதில். ஏன் சுற்றி வளைத்தேன் தெரியுமா? அம்மாவை விட்டு வர முடியாது என்பதெல்லாம் இல்லை. அண்ணனும் அண்ணியும் அம்மாவோடுதான் இருக்கிறார்கள். மாமா ஆலையை எனக்குத் தருவார் என்பதும் இல்லை. பெண்டாட்டி ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டான் என்று களம்பூரில் சொல்வார்களே, அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது. இந்த அற்பத்துக்காக உங்கள் வேலையைக் கேட்க இருந்தேன்.

நீங்கள் வேலையை விட வேண்டாம். நான் திருநெல்வேலிக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆலைக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஆலைக்கு வரும் நெல் தரகர் சொன்னார். நேற்று அங்கே பேசிவிட்டேன், வரச் சொல்கிறார்கள். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திட்டினார், ஒரு சொல்லும் தவறாமல் காதில் விழ வேண்டும் என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். படிப்பகத்தின் சாவியை டீச்சர் வாங்கிக்கொள்கிறார். அம்மா கடைசியில், "போறதுன்னா போ, ஆனா அந்தப் பொண்ணு சரின்னு சொன்னப்புறம் போ. அதுக்குள்ள மூட்டை கட்டிகினு நிக்காத" என்றார்.

அதனால் மூட்டை கட்டவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். இல்லை என்று வந்தாலும் நான் இந்தக் கடிதத்தில் எழுதியது எழுதியதுதான்.

ஜீவந்தரன்


வெம்பாக்கம்
18.8.2024

அன்புள்ள ஜீவா,

வெள்ளிக்கிழமை வந்தேன். பஸ் ஏறினால் ஆரணிக்கு வந்துவிடலாம், போனிலும் சொல்லிவிடலாம். ஆனால் இதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் கடிதத்தைக் கல்லூரியில் வைத்துப் படித்தேன். முகத்தை மறைத்துக்கொள்ள இடம் தேடி 900 அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். பெண்டாட்டி ஊருக்குப் போனான் என்ற பேச்சுக்குப் பயந்தேன் என்று ஓர் ஆண் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வருகிறேன் என்று சொன்னதைவிட அதை மறைக்காமல் எழுதியதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் எனக்கும் நடுவில் எங்காவது வீடு பார்ப்போம். இருவருக்கும் பஸ் பயணம் பாதிப் பாதி. ஆரணிக்கு விடுமுறை தவறாமல் வருவோம். உங்கள் அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நேற்று மாலை அப்பாவிடம் நானே பேசினேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜீவந்தரனைக் கட்டிக்கொள்கிறேன், அவர் திருநெல்வேலிக்கு வருகிறார் என்றேன். அப்பாவுக்கு முதல் பாதி பிடித்தது, இரண்டாம் பாதி பிடிக்கவில்லை. ஆலையை விட்டுவிட்டு வருவதாவது, அவர்கள் வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "ஏம்மா, பையன் போயி பொண்ணு ஊர்ல இருக்கறதா? ஊரு இன்னா சொல்லும்?" என்றார்.

"அம்மா வந்தவாசியில இருந்து உங்க ஊருக்கு வந்தப்ப ஊரு இன்னாப்பா சொல்லிச்சு?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லலியே."

"இதுக்கும் அதையே சொல்லட்டும்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து போய், சுவரிலிருந்த நாள் பார்க்கும் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அப்பா மடியில் வைத்தார்.

உங்கள்,
சந்தனா